திருக்கை: தண்ணிக்குள்ளே பறக்கும் கம்பளம்!

தர்மபுரிக்காரர்களுக்கும் கடலுக்கும் என்ன சார் சம்பந்தம்? ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டால்கூட, கிழக்கே புதுச்சேரிக் கரைக்குக் கிட்டத்தட்ட நூற்றெண்பது கிலோமீட்டர். நமக்கு மீன் என்றாலே ஒகேனக்கல்தான். ஆயில் மசாஜ், பரிசல், அருவிக் குளியல், அப்புறம் பாறை ஓரத்தில் சுடச்சுடப் பொரித்த மீன். முடிந்தது. திங்கட்கிழமை வழக்கம்போல ஃபைல், மேனேஜர், மெமோ!

ஆனால் நாம் கடலைத் தேடிப் போகாவிட்டாலும் கடல் நம்மைத் தேடி வந்துவிடுகிறது. கருவாடாக! பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்தச் சந்தையானாலும் சரி, கருவாட்டுக் கடைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். நெத்திலி, வாளை, சுறாவுக்கு நடுவில், கிழிந்த ரெக்சின் பை மாதிரி உப்புப் பூத்துக் கிடக்கும் துண்டு கண்ணில் பட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு நிமிஷம் மரியாதையாகப் பாருங்கள். அது திருக்கை. உயிரோடு இருந்தபோது கடலுக்கடியில் சிறகடித்துப் பறந்த ஜீவன்!

'மீன் எங்காவது பறக்குமா?' என்று சிரிக்காதீர்கள். இது பறக்கும். எப்படியென்று பார்ப்போம்.

சுறாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி

ஒரு சுறாவைப் பிடித்து, சப்பாத்திக் கட்டையால் நன்றாகத் தேய்த்தால் என்ன கிடைக்கும்? ஏறக்குறைய திருக்கை! வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சுறாவும் திருக்கையும் ஒரே வம்சம். இரண்டுக்கும் உடம்பில் ஒரு எலும்புகூடக் கிடையாது. எல்லாமே குருத்தெலும்பு. நம் காதுமடலைத் தொட்டுப் பாருங்கள், மடங்குகிறதல்லவா? அந்தச் சரக்குதான். குழம்பில் போட்ட திருக்கையைக் கடிக்கும்போது 'நறுக் நறுக்' என்று சத்தம் வருவதற்கும், முள் குத்துமோ என்ற பயமே இல்லாமல் சாப்பிட முடிவதற்கும் அதுதான் காரணம்.

உலகக் கடல்களில் இந்தத் தட்டை வம்சத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. திருக்கைகள் ஒரு கிளை. 'ஸ்கேட்' என்கிறார்களே (காலில் மாட்டிக்கொண்டு வழுக்கி விழுவோமே, அது இல்லை!), அது இன்னொரு கிளை. ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். வால் சாட்டை மாதிரி நீண்டு, அதில் விஷமுள் இருந்தால் அது திருக்கை. வால் கொஞ்சம் தடித்து, முதுகிலும் வாலிலும் சொரசொரவென்று சின்னச் சின்ன முட்களோடு, கொட்டும் முள் இல்லாமல் இருந்தால் அது ஸ்கேட். திருக்கை குட்டி போடும். ஸ்கேட் முட்டையிடும். அந்த முட்டை உருண்டையாக இருக்காது. நாலு மூலையிலும் கொம்பு வைத்த தோல் பர்ஸ் மாதிரி இருக்கும். காலியான கூடு கரை ஒதுங்கினால் வெள்ளைக்காரர்கள் அதைக் 'கடல்கன்னியின் பர்ஸ்' என்பார்கள். (உள்ளே ஒன்றும் இருக்காது. மாசக் கடைசியில் நம் பர்ஸ் மாதிரியே!) நம் நாட்டுப் பக்கம் ஸ்கேட்கள் பெரும்பாலும் ஆழ்கடல்வாசிகள். வலையில் சாதாரணமாக மாட்டுவது திருக்கைதான்.

என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாத ஜீவன்

திருக்கையின் உடல் அமைப்பைப் பார்த்தால் கடவுள் அவசரத்தில் அசெம்பிள் பண்ணிவிட்டாரோ என்று தோன்றும். கண் ரெண்டும் முதுகுப் பக்கம், வாய் வயிற்றுப் பக்கம். ஆக, வாய்க்குள் என்ன போகிறது என்பதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. மெஸ்ஸில் சாப்பிடும் பிரம்மச்சாரிகள் இந்த விஷயத்தில் திருக்கையோடு கைகுலுக்கிக் கொள்ளலாம்.

ஆனால் இயற்கை ஏமாளி இல்லை. திருக்கையின் மூஞ்சியில் நுண்ணிய துவாரங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஜெல்லி மாதிரி திரவம். எந்த உயிரினமானாலும் அதன் தசை அசைந்தால், இதயம் துடித்தால், மிக மிகச் சின்ன மின்சாரம் கசியும். மணலுக்குள் பதுங்கியிருக்கும் நண்டையும் சிப்பியையும் அந்தக் கசிவை வைத்தே திருக்கை கண்டுபிடித்துவிடும். அப்புறம் அம்மிக்கல் மாதிரி பல் வரிசை. சிப்பி ஓடு 'மடக்'!

மணலில் புதைந்து படுத்திருக்கும்போது வாய் வழியாக மூச்சு இழுத்தால் மண்தானே உள்ளே போகும்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் ரெண்டு ஓட்டைகள். தண்ணீரை மேலே இருந்து இழுத்து, வயிற்றுப் பக்கம் இருக்கும் செவுள் வழியாக வெளியே விடும். எந்த இன்ஜினீயரிங் காலேஜில் படித்ததோ!

சரி, அந்தக் கருவாட்டு நாற்றம்? கடல்நீரின் உப்பு, உடம்பின் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்கச் சுறாவும் திருக்கையும் ஒரு தந்திரம் செய்கின்றன. நாம் சிறுநீரில் வெளியேற்றும் யூரியாவை, அவை ரத்தத்திலும் சதையிலும் சேமித்து வைத்துக்கொள்கின்றன. செத்த பிறகு கிருமிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூக்கில் ஏறுவது அதுதான். உயிரோடு இருந்தவரை அதன் உயிரைக் காப்பாற்றிய சமாசாரம், செத்த பிறகு அதன் மானத்தை வாங்குகிறது!

கடலடி ஃபேஷன் பரேட்

மன்னார் வளைகுடா என்று பூகோளப் பாடத்தில் படித்திருப்போம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், பவளப்பாறைகள், கடல்புல் வெளிகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கேயும் பாக் நீரிணையிலும் திருக்கை பிடிக்கவே பெரிய கண்ணி வைத்த தனி வலை உண்டு. பெயரே 'திருக்கை வலை'! 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பக்கத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்கு மாறினாலும், மண்டபத்தில் ஆராய்ச்சி மையம் தொடர்கிறது.

இந்தியக் கடலில் உலாவும் திருக்கைகளில் சில அழகிகளை மட்டும் மேடைக்குக் கூப்பிடுவோம்.

முதலில் புள்ளித் திருக்கை. குட்டியாக இருக்கும்போது உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. வளர வளரப் புள்ளிகள் வளையங்களாக விரிந்து, கடைசியில் சிறுத்தைத் தோல் மாதிரியோ தேன்கூடு மாதிரியோ ஆகிவிடும். எந்த ஜவுளிக் கடையிலும் இந்த டிசைன் கிடைக்காது.

அடுத்தது கழுகுத் திருக்கை. கருநீல முதுகில் யாரோ கோலமாவைத் தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். கூரான இறக்கைகளை மேலும் கீழும் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், தண்ணீர் என்பதே மறந்துபோகும். சில சமயம் நிஜமாகவே தண்ணீரை விட்டு எம்பிக் குதிக்கும்.

பட்டாம்பூச்சித் திருக்கைக்கு நீளத்தைவிட அகலம் அதிகம். வால் மட்டும் குட்டையாக ஒப்புக்கு ஒன்று. மாட்டுமூக்குத் திருக்கை என்று ஒரு இனம், நூற்றுக்கணக்கில் கூட்டம் சேர்ந்து போகும். மேலேயிருந்து பார்த்தால் ஆற்றில் உதிர்ந்த சருகுகள் அணிவகுத்துப் போவது மாதிரி இருக்கும். முள்ளந் திருக்கை கொஞ்சம் முரட்டு ஆள். வாலில் கொட்டும் முள் கிடையாது, அதற்குப் பதில் உடம்பு முழுக்க முள்.

இன்னொருவர் உழுவை. முன்பக்கம் திருக்கை, பின்பக்கம் சுறா. கிடாருக்கு வால் முளைத்தது மாதிரி ஒரு உருவம். இவரைச் சுறா லிஸ்ட்டில் சேர்ப்பதா, திருக்கை லிஸ்ட்டில் சேர்ப்பதா? ஒரு சின்ன டிப்ஸ்: செவுள் பிளவுகள் உடம்பின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. அடிவயிற்றுப் பக்கம் இருந்தால் திருக்கை வம்சம். உழுவைக்கு அடியில்தான். கேஸ் முடிந்தது!

ஷாக் அடிக்கும் டாக்டர்

மின்சாரத் திருக்கை என்று ஒரு பிரிவு உண்டு. தலைக்கு ரெண்டு பக்கமும், அடுக்கி வைத்த பாட்டரிகள் மாதிரி உறுப்புகள். பெரிய இனங்களில் 220 வோல்ட் வரை அதிர்ச்சி கொடுக்கும். நம் வீட்டு லைனே 230 வோல்ட்தான், யோசித்துக்கொள்ளுங்கள். மின்வாரியம் இல்லை, மீட்டர் இல்லை, பவர் கட்டும் இல்லை!

கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய வைத்தியர், தீராத தலைவலிக்கு ஒரு சிகிச்சை எழுதி வைத்தார். உயிருள்ள மின்சாரத் திருக்கையை வலிக்கிற இடத்தில் வைத்து, மரத்துப்போகும் வரை விட்டுவிட வேண்டும். (ஆபீஸ் தலைவலிகளுக்கு யாரும் முயற்சி செய்ய வேண்டாம். மெடிக்கல் லீவ் சாங்ஷன் ஆகாது.)

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1800-ல் இத்தாலியின் வோல்ட்டா உலகின் முதல் பாட்டரியைச் செய்தபோது, இந்த மீனின் மின் உறுப்போடுதான் அதை ஒப்பிட்டு எழுதினார். 'செயற்கை மின் உறுப்பு' என்றே அதற்குப் பெயர் சொன்னார். இன்றைக்கு நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் பாட்டரிக்கு முப்பாட்டன் யார் என்று இப்போது புரிகிறதா? கப்பலை உடைக்கும் 'டார்ப்பிடோ' குண்டுக்குப் பெயர் வந்ததும் இந்த மீனிலிருந்துதான்.

ஆனைத் திருக்கை: கடலின் ஜென்டில்மேன்

வம்சத்திலேயே பெரியவர் ஆனைத் திருக்கை. தலையில் ரெண்டு கொம்பு மாதிரி மடல்கள் இருப்பதால் கொம்புத் திருக்கை என்றும் சொல்வார்கள். பெரிய ஆளுக்கு ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 7 மீட்டர். அதாவது நாம் குடியிருக்கும் ரெண்டு ரூம் போர்ஷனை அப்படியே போர்த்திவிடலாம்!

இவ்வளவு பெரிய உருவம் சாப்பிடுவது என்ன தெரியுமா? கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவை உயிரிகள். வாயைத் திறந்துகொண்டு நீந்தும். தண்ணீர் உள்ளே போகும். செவுளில் இருக்கும் சல்லடைத் தட்டுகள் உணவை மட்டும் நிறுத்திக்கொள்ளும். கொட்டும் முள் கிடையாது. யாரையும் கடித்ததும் கிடையாது. மீன்களிலேயே இதற்குத்தான் பெரிய மூளை. வயிற்றில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. விஞ்ஞானிகள் போட்டோ எடுத்து அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பிறக்கும்போதே ஆதார் கார்டோடு பிறக்கிற மீன்!

இன்னொரு பழக்கமும் உண்டு. பவளப்பாறையில் குறிப்பிட்ட இடத்துக்கு வந்து அசையாமல் நிற்கும். சின்ன மீன்கள் ஓடி வந்து உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஞாயிற்றுக்கிழமை சலூனில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற நம்மைப் போலவே!

வால் கதையும் வாள் கதையும்

பழைய சினிமாவில் ஜமீன்தார் கையில் ஒரு சவுக்கு இருக்கும். 'திருக்கை வாலால பின்னி எடுத்துடுவேன்' என்று உறுமுவார். டயலாக் ரைட்டரின் கற்பனை இல்லை அது. திருக்கையின் வாலைக் காயவைத்துச் சவுக்காகப் பயன்படுத்தியது நிஜம். ஜப்பான்காரர்கள் இன்னும் கலைநயமாக யோசித்தார்கள். சாமுராய் வீரர்களின் வாள் கைப்பிடியில் திருக்கைத் தோலைச் சுற்றினார்கள். சொரசொரப்பு இருப்பதால் கை வழுக்காது.

வாலில் இருக்கும் விஷமுள் தற்காப்புக்கு மட்டும்தான். திருக்கை துரத்தி வந்து குத்துகிற ஜாதி இல்லை. மணலில் படுத்திருக்கும்போது யாராவது மிதித்தால்தான் வால் சுழலும். ஆஸ்திரேலியாவில் முதலைகளோடு விளையாடிய டி.வி. பிரபலம் ஸ்டீவ் இர்வின், 2006 செப்டம்பர் 4-ம் தேதி திருக்கை முள் மார்பில் குத்தி இறந்தது உலகச் செய்தி ஆயிற்று. அது செய்தியானதற்குக் காரணமே, அப்படி நடப்பது மிக அபூர்வம் என்பதுதான். கடற்கரைக்கு டூர் போகிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கலங்கிய ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், தரையோடு தேய்த்து நடந்தால் திருக்கை அதிர்வு தெரிந்து நகர்ந்துவிடும். தப்பித் தவறிக் காலில் குத்தினால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முள் மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் அதைப் பிடுங்கவே கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

அடுத்து வாள். திருக்கை வம்சத்தில் ரம்பத்தை மூக்கில் கட்டிக்கொண்டு பிறந்தவர் வேளா மீன். நீண்ட மூக்கின் ரெண்டு பக்கமும் பல் வரிசை. பட்டினப்பாலையில், பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதாக ஒரு செய்தி வருகிறது. சுறாவுக்குக் கொம்பு ஏது? அது வேளாவின் ரம்பமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் உண்டு. நம் முன்னோர்கள் சாமியாகக் கும்பிட்ட மீன் என்றே வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அந்தச் சாமியின் நிலைமை சொல்லும்படி இல்லை. ரம்ப மூக்கு எந்த வலையில் பட்டாலும் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் விடுபட முடியாது. உலகம் முழுக்க அழிவின் விளிம்பில் நிற்கிறது. இந்தியக் கரையில் ஒரு வேளா கண்ணில் பட்டாலே அது செய்தி.

ஆற்றிலும் ஒரு ராட்சதன்

'கடல் கதை எல்லாம் சரி, நம்ம ஆத்துல திருக்கை கிடையாதா?' என்று ஒகேனக்கல் நண்பர்கள் கேட்கலாம். காவிரியில் பரிசலுக்குப் பயம் வேண்டாம். ஆனால் உலகத்தில் ஆற்றுத் திருக்கைகள் உண்டு. 2022 ஜூன் மாதம் கம்போடியாவில் மீகாங் ஆற்றில் ஒரு மீனவர் தூண்டிலில் ஒரு பெண் திருக்கை மாட்டியது. எடை 300 கிலோ! நீளம் கிட்டத்தட்ட 4 மீட்டர். உலகில் இதுவரை எடை பார்த்துப் பதிவு செய்யப்பட்ட நன்னீர் மீன்களிலேயே பெரியது இதுதான். விஞ்ஞானிகள் ஓடி வந்தார்கள். 'பொராமி' என்று பெயர் வைத்தார்கள். கெமர் மொழியில் முழு நிலவு என்று அர்த்தம். மீனவருக்குச் சந்தை விலையைக் கொடுத்து, மீனுக்கு ஒரு சிக்னல் கருவியைப் பொருத்தி, திரும்பவும் ஆற்றிலேயே விட்டார்கள். மீனவருக்கும் நஷ்டமில்லை. மீனுக்கும் நஷ்டமில்லை. இந்த ஒரு வரியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு அடுத்த பாராவுக்கு வாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

மத்தி மீன் ஒரு சீசனில் பல்லாயிரம் முட்டை போடும். பாதிக்குப் பாதி பிடித்தாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனைத் திருக்கை? வயசுக்கு வரவே பல வருஷம். அப்புறம் சுமார் ஒரு வருஷக் கர்ப்பம். பிறப்பது ஒரே ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு ரெண்டு மூன்று வருஷம், சில சமயம் அதற்கும் மேலே! மற்ற திருக்கைகளும் கை நிறையக் குட்டிகளோடு நின்றுவிடும். அதோடு இன்னொரு அதிசயம்: கொட்டும் திருக்கைத் தாய்கள் கர்ப்பப்பைக்குள்ளேயே பால் மாதிரி ஒரு திரவத்தைச் சுரந்து குட்டியை வளர்க்கின்றன. இப்படிச் சீராட்டி வளர்க்கிற ஒரு தாயை வலையில் இழுத்தால், போவது ஒரு மீன் இல்லை, ஒரு பரம்பரை.

சம்பளம் குறைவு, செலவு அதிகம் என்றால் பாஸ்புக் என்ன ஆகும்? அதுதான் கடலிலும் ஆயிற்று. திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970-லிருந்து 2018-க்குள் 71 சதவீதம் சரிந்துவிட்டது என்று 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. நூறு ரூபாய் இருந்த இடத்தில் இருபத்தொன்பது ரூபாய்! அதே வருஷம் வந்த இன்னொரு கணக்குப்படி, சுறா - திருக்கை வம்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே அழிவு அபாயத்தில் இருக்கிறது.

காரணம் ஒன்றிரண்டு இல்லை. இறாலுக்கு விரித்த இழுவை மடியில் திருக்கையும் சேர்ந்து வரும். உழுவையின் துடுப்புக்கு வெளிநாட்டில் சூப்புக்காக யானை விலை. கொம்புத் திருக்கையின் செவுள் தட்டுகளுக்குச் சீன மருந்துக் கடைகளில் கிராக்கி. அது வியாதியைக் குணப்படுத்துகிறது என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் கிடையாது.

சட்டம் சும்மா இல்லை. 2001-ல் மத்திய அரசு சுறா, திருக்கை வம்சத்தில் பத்து இனங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. வேளா, ராட்சத உழுவை, முள்ளந் திருக்கை, கங்கைத் திருக்கை எல்லாம் அதில் உண்டு. 2022 திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டது. புலியைக் கொன்றால் என்ன தண்டனையோ, அதே தண்டனை: மூன்று முதல் ஏழு வருஷம் வரை உள்ளே! கிழக்குக் கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடையும் இருக்கிறது.

ஆனால் நடுக்கடலில், அலையில், இருட்டில், வலை மேலே வந்த பிறகுதான் உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியும். டீசல் கடன், வட்டி, வீட்டில் பள்ளிக்கூட ஃபீஸ் என்று ஆயிரம் கவலையோடு நிற்கிற மீனவரிடம் போய், 'அட்டவணை ஒன்று பார்த்தீரா?' என்று கேட்பது நியாயமில்லை. பொராமி விஷயத்தில் நடந்த மாதிரி, விடுவித்தால் மீனவர் கைக்கு ஏதாவது வருமென்றால் அவரைவிட நல்ல காவல்காரன் கடலுக்குக் கிடைக்க மாட்டான். மாலத்தீவு வழி காட்டியிருக்கிறது. அங்கே ஆனைத் திருக்கைகளைப் பார்ப்பதற்கென்றே டூரிஸ்ட்டுகள் டாலரோடு வருகிறார்கள். 2014 முதல் அங்கே எல்லாத் திருக்கைகளுக்கும் சட்டப் பாதுகாப்பு. செத்தால் ஒரு நாள் விலை. உயிரோடு இருந்தால், நாற்பது வருஷத்துக்கு மாசா மாசம் சம்பளம்!

சரி, நாம் என்ன செய்ய?

திருக்கைக் குழம்பையே விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு வீடு புரட்சி வெடிக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு ஒரு பலம் உண்டு. கடைக்காரரிடம் 'என்ன திருக்கை, எந்த ஊர்ச் சரக்கு?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். மொத்த வியாபாரி ஏலக்காரரைக் கேட்பார். கேள்வி கரை வரைக்கும் போகும். வேளா மூக்கை 'ஷோகேஸில் வைக்கலாம் சார்' என்று யாராவது விற்க வந்தால், ஷோகேஸ் இருக்கும், நீங்கள் உள்ளே இருப்பீர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த எல்.டி.சி.க்கு ஊட்டி, கொடைக்கானல் என்றே யோசிக்காமல் ஒரு தடவை ராமேஸ்வரம் பக்கம் போய் வாருங்கள். பாம்பன் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். அந்தப் பச்சைத் தண்ணீருக்கு அடியில், மணலை லேசாகப் போர்த்திக்கொண்டு, ரெண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டியபடி ஒரு திருக்கை படுத்திருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதற்கும் நிம்மதி.

குழம்பு கொதிக்கட்டும் சார், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலுக்கடியில் பறப்பதற்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்!